எட்டாவது கண்டம்

ஆடி 1, வியாழன்

வந்துவிட்டது. நான் பிறந்த நாளிலிருந்து என்னைத் தேடி வந்துகொண்டிருந்த ஆடி.

"பையனுக்கு அம்பத்திரண்டு வயசுல, ஆடி மாசத்துல, தண்ணியில கண்டம் இருக்கு. தப்பிச்சா எம்பது." ஜாதகம் கணித்தவர் அம்மாவிடம் சொன்னது இவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு அம்மா என்னைக் கிணற்றடிக்கு விடவில்லை, குளத்துக்கு விடவில்லை, மழைத் தண்ணீரில் காகிதக் கப்பல் விடக்கூட விடவில்லை. அவள் போய்ச் சேர்ந்த பிறகு அந்தக் காவல் வேலையை நானே எடுத்துக்கொண்டேன்.

நான் புவியியல் வாத்தியார். பிள்ளைகள் ஆசியா, ஆப்பிரிக்கா என்று ஏழு கண்டங்களையும் ஒப்பிக்கும்போது, எட்டாவது எங்கே இருக்கிறது என்று எனக்கு மட்டும் தெரியும்.

என் தலையெழுத்தைப் பாருங்கள். வீடு குளித்தலையில், பள்ளிக்கூடம் முசிறியில். நடுவில் காவிரி. பஸ் பாலத்தில் ஏறியதும் கண்ணை மூடிக்கொள்வேன். சார் சாமி கும்பிடுகிறார் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்ளும். இந்த ஆடியில் அந்த வம்பே வேண்டாமென்று மாதம் முழுக்க மெடிக்கல் லீவு போட்டுவிட்டேன். "உடம்புக்கு என்ன திருஞானம்?" என்றார் ஹெட்மாஸ்டர். "வயிறு சார்" என்றேன். பயம் வயிற்றில்தானே இருக்கிறது, பொய் ஒன்றும் இல்லை.

மனைவி தமயந்தியிடம் சொன்னபோது தையல் மெஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "மாசம் பூரா வீட்டுலயேவா இருப்பீங்க?" என்றாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். முகம் என்னவோ போல் ஆகிவிட்டது.

ஆடி 2, வெள்ளி

வாளியில் கால்வாசிதான் தண்ணீர் பிடித்துக்கொள்கிறேன். குளியலறையில் ரப்பர் விரிப்பு போட்டாயிற்று. கதவைத் தாழ் போடுவதில்லை. "வழுக்கி வுழுந்தா அது ஜலகண்டத்துல சேராதுங்க, அது வேற கணக்கு" என்று தமயந்தி கேலி செய்கிறாள். செய்யட்டும். முடவன் பாடு முடவனுக்குத்தான் தெரியும்.

பரண் மேலிருந்து பெரிய குண்டானை எடுத்துத் தரச் சொன்னாள். எப்போதும் அவளே ஸ்டூல் போட்டு எடுத்துவிடுவாள். வலது கையைத் தூக்க முடியவில்லையாம், மெஷினில் ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டாளாம். தைப்பதைக் குறைத்துக்கொள் என்று சொன்னேன்.

ஆடி 4, ஞாயிறு

காலையில் அடுப்படிக்குப் போனால், அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு தோசை வார்த்துக்கொண்டிருக்கிறாள். மகள் எழிலுக்குக் காதுகுத்தும்போது எடுத்த சேலை. அதை அவள் கட்டி நான் நாலைந்து தடவைக்கு மேல் பார்த்ததில்லை.

"எங்க கிளம்பிட்ட?"

"எங்கயும் இல்ல. நல்ல நாள் வரட்டும், நல்ல நாள் வரட்டும்னு பீரோவுக்குள்ளயே வச்சு மடிப்புல இழை விட்டுப்போச்சு. இன்னைக்கு நல்ல நாளா இருந்துட்டுப் போவட்டுமே."

சாம்பார் சொட்டிவிட்டது. பதறுவாள் என்று பார்த்தால் சிரிக்கிறாள். எனக்குத்தான் எரிச்சல். மனுஷன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், இவளுக்குப் பட்டுச்சேலை கேட்கிறது. ஆனால் அழகாகத்தான் இருந்தாள். சொல்லவில்லை.

ஆடி 5, திங்கள்

மேட்டூர் நிரம்பிவிட்டது. உபரி நீர் திறந்துவிட்டார்களாம். பேப்பரை மடித்துப் பீரோவுக்கு மேல் போட்டுவிட்டேன்.

ஆடி 6, செவ்வாய்

 எழுதினால் மனசு கொஞ்சம் அடங்கும்.

திருச்சியில் அவளுடைய சின்னம்மா மகளுக்கு உடம்பு சரியில்லையாம், பார்த்துவிட்டு வருகிறேன் என்று காலையிலேயே புறப்பட்டாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "கூட வர்றீங்களா?" என்றாள். திருச்சி ரோடு முழுக்கக் காவிரிக்கரையை ஒட்டியே போகும் என்பது அவளுக்குத் தெரியாதா? மாட்டேன் என்றேன். கல்யாணமான புதிதில் குற்றாலத்துக்கு இப்படித்தான் கேட்டாள். பிறகு ராமேஸ்வரத்துக்கு. பிறகு கொடைக்கானலில் படகுக்கு. கேட்பது அவள் வழக்கம், மறுப்பது என் வழக்கம். கோபித்துக்கொண்டதில்லை.

சாயங்காலம் திரும்பி வந்தவள் குனிந்து செருப்பைக் கழற்றும்போது பார்த்தேன். கழுத்தில் தாலிக்கொடி இல்லை. வெறும் மஞ்சள் கயிறு, அதில் ஒரு விரலி மஞ்சள்.



"தாலி எங்கடி?"

"கொக்கி விட்டுப்போச்சுங்க. பத்தர்கிட்ட குடுத்திருக்கேன்."

"ஆடி மாசத்துலயா? எனக்குக் கண்டம் நடக்குறப்பவா? என்னைக் கொல்லணும்னே பாக்குறியா நீ?"

பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கிற அளவுக்குக் கத்தினேன்.  அவள் முகம் கழுவிவிட்டு வந்து எனக்குச் சோறு போட்டாள். தான் சாப்பிடவில்லை. கோபமாக இருக்கும். இருக்கட்டும், தப்பு அவள் மேல்தானே.

ஆடி 8, வியாழன்

நல்ல செய்தி. ரொம்ப நாளைக்குப் பிறகு நெஞ்சு நிறைய மூச்சு விடுகிறேன்.

தாலி விஷயம் மனதை அறுத்துக்கொண்டே இருந்ததால், கடம்பர் கோயில் பக்கத்தில் இருக்கிற ஜோசியர் நல்லசிவத்திடம் இரண்டு ஜாதகத்தையும் கொண்டுபோனேன். என்னுடையதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். எனக்கு உயிரே போய்விட்டது. பிறகு தமயந்தியுடையதைப் பிரித்து வைத்துக்கொண்டு விரல் விட்டு எண்ணினார். நிமிர்ந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"சார், நீங்க எதுக்கும் கவலப்படாதீங்க. உங்க கட்டம் எப்படியோ போவட்டும். அம்மா ஜாதகத்துல எட்டாமிடம் சுத்தம். மாங்கல்ய பலம் அவ்வளவு கெட்டி. பூவும் பொட்டுமா போற ஜாதகம் சார் இது. அத மீறி உங்களை ஒண்ணும் அசைக்க முடியாது."

பூவும் பொட்டுமா! அப்படியானால் எனக்கு ஒன்றும் ஆகாது. வழியில் அரைக்கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வேகமாக வீட்டுக்கு வந்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் தமயந்தியிடம் சொன்னேன். அப்படியே ஜோசியர் சொன்ன வார்த்தைகளைச் சொன்னேன்.

 "அப்ப நல்லதுதாங்க" என்றாள். மைசூர்பாகில் ஒரு விள்ளல்தான் எடுத்துக்கொண்டாள். பாக்கியை நானே சாப்பிட்டேன்.

ஆடி 10, சனி

என்னை வேலை வாங்குகிறாள். லீவில் இருக்கிறவன்தானே என்று இளக்காரம். வாஷிங் மெஷினில் எந்தப் பித்தானை முதலில் அழுத்த வேண்டும், ரசத்துக்குப் புளி எவ்வளவு, கேஸ் புக் பண்ணுகிற நம்பர் எது என்று பாடம் எடுக்கிறாள். நான் செய்த ரசத்தை வாயில் வைக்க முடியவில்லை. "பரவால்ல, பழகிரும்" என்றாள்.

தனக்கு நைட்டி தைத்துக்கொண்டிருக்கிறாள். முன்பக்கம் முழுக்கப் பட்டன் வைத்து, கை தொளதொளவென்று. ஒன்று இல்லை, மூன்று. இது என்ன புது பாஷன் என்றேன். காற்றோட்டமாக இருக்கும் என்றாள்.

ஆடி 11, ஞாயிறு

எழில் கோயமுத்தூரிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறாள். ஆபீசில் லீவு போட்டிருக்கிறாளாம். கண் வீங்கியிருந்தது. "பஸ்ஸுல தூக்கமே இல்லப்பா" என்றாள்.

அம்மாவும் பெண்ணும் அடுப்படியில் குசுகுசுவென்று பேசுகிறார்கள். நான் போனால் நிறுத்திவிடுகிறார்கள். எனக்குப் புரிந்துவிட்டது. என் கண்டத்தை நினைத்து அந்தப் பிள்ளை பயந்து ஓடி வந்திருக்கிறது. "அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதும்மா, ஜோசியரே சொல்லிட்டாரு" என்று தலையைத் தடவிக்கொடுத்தேன். ஓவென்று அழுதுவிட்டாள். என் மேல் இவ்வளவு பாசமா என்று எனக்கும் கண் கலங்கியது.

ஆடி 12, திங்கள்

ஆடித் தள்ளுபடிக்குத் துணி எடுக்க இருவரும் திருச்சி போனார்கள். "கூட வர்றீங்களா?" இல்லை. வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். நல்லதாக ஒன்றும் அமையவில்லையாம். ஆனால் சினிமா பார்த்தார்களாம், பெரிய கண்ணாடிக் கிண்ணத்தில் ஐஸ்கிரீம் சாப்பிட்டார்களாம். "செர்ரிப் பழம் எல்லாம் வச்சுக் குடுத்தாங்க" என்று தமயந்தி சின்னப் பிள்ளை மாதிரி சொன்னாள். அவளுடைய தாடை எலும்பு முன்பு இவ்வளவு துருத்திக்கொண்டா இருந்தது?

லைட் வெளிச்சமாக இருக்கும்.

ஆடி 14, புதன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

பதினெட்டாம் பெருக்குக்கு ஊரே ஆற்றுக்குப் போகும். ஒவ்வொரு வருடமும் தமயந்தி பக்கத்து வீட்டுப் பெண்களோடு போய்ச் சாமி கும்பிட்டுத் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டு வருவாள். நான் வீட்டைப் பார்த்துக்கொள்வேன். இந்த வருடம் வெள்ளம் என்று தண்டோராவே போட்டுவிட்டார்கள். அதனால், "நீயும் போக வேணாம். வீட்டுலயே குழாயடியில கயிறு மாத்திக்க" என்றேன்.

மெஷினை நிறுத்தினாள். "இந்த வருஷம் ஆத்துக்குப் போவணும். நீங்களும் கூட வரணும்."

"தெரிஞ்சுதான் பேசுறியா? எனக்குக் கண்டம்."

"திங்கக்கிழமை எனக்கு ஆபரேசன்ங்க."

எழில் அடுப்படி வாசலில் வந்து நின்றுகொண்டாள். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. என்ன ஆபரேஷன் என்றேன். மாரில் கட்டி என்றாள். வலது பக்கம். அது கெட்ட கட்டிதான் என்று டெஸ்ட்டில் வந்துவிட்டதாம். கடையில் சாமான் சொல்வதைப் போல நிதானமாகச் சொன்னாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"சித்திரையிலேர்ந்து கைக்குத் தட்டுப்பட்டுது. நீங்க ஆடிய நெனச்சு நெனச்சுச் சோறு எறங்காம கெடந்தீங்க. இதையும் சொல்லி எதுக்குன்னு, உங்க கண்டம் முடியட்டும், ஆவணியில பாத்துக்கலாம்னு இருந்தேன். டாக்டரம்மா திட்டிட்டாங்க. ஆவணி வரைக்கும் விடக்கூடாதுன்னுட்டாங்க."

"அந்தத் தாலி..."

"ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுக்குற ஒவ்வொரு மெஷினுக்கும் கழட்டிக் கழட்டி மாட்ட மனசு வரலங்க. அதான் கயித்தக் கட்டிக்கிட்டேன். கொடி பத்தர்கிட்ட இல்ல, எழில்கிட்டதான் இருக்கு."

அப்போது என் வாயிலிருந்து வந்ததை எழுதக் கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன். "அப்ப ஜோசியர் சொன்னது..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

அவளே முடித்தாள். "பூவும் பொட்டுமா. அன்னைக்கே எனக்குப் புரிஞ்சுதுங்க."

ஆடி 15, வியாழன்

மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வந்தேனே.

ஆடி 16, வெள்ளி

ஜோசியர் வீட்டுக்குப் போனேன். வாசலில் ஆடி வெள்ளிக்குக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன்.

"மாங்கல்ய பலத்தக் கொறைக்க ஏதாவது பரிகாரம் இருக்கா?"

அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. "கூட்டவா சார்?"

"கொறைக்கணும். என் சம்சாரத்துக்கு அவ்வளவு வேணாம். எனக்கு முன்னாடி அவ போகக் கூடாது. என்ன செலவானாலும் செய்யறேன். எந்தக் கோயிலுக்கு வேணா போறேன். தண்ணியில நிக்கச் சொன்னாலும் நிக்கிறேன்."

கூழ் தளும்பிச் சட்டையெல்லாம் கொட்டியது. நல்லசிவம் என் கையிலிருந்து டம்ளரை வாங்கி ஓரமாக வைத்தார். 

"இத்தன வருஷத் தொழில்ல இப்படி ஒருத்தர் வந்து கேட்டதில்ல சார். எல்லாரும் கூட்டத்தான் கேப்பாங்க. அம்மாவுக்கு என்ன?"

சொன்னேன்.

"நான் சொல்றத எல்லாம் அப்படியே எடுத்துக்காதீங்க. கட்டம் ஒண்ணு சொல்லும், கடவுள் ஒண்ணு செய்வான். அப்படி ஒரு பரிகாரம் கெடையாது. அவங்க ஏதாவது ஆசப்பட்டுக் கேட்டாங்களா?"

"ஆத்துக்குக் கூட வரச் சொன்னா."

"அப்பறம் இங்க வந்து என்ன சார் பண்றீங்க?" என்றார்.

ஆடி 17, சனி

பகலில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே கால் குளிர்ந்து போகிறது. நாளைக்கு நான் போய், ஐம்பத்திரண்டு வருடமாக வந்துகொண்டிருக்கும் சாவு நாளைக்கே வந்துவிட்டால், திங்கட்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் அவளுக்கு யார் உட்கார்ந்திருப்பது? இப்போது இதுதான் பயம். சாவதற்குப் பயமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் திங்கட்கிழமைக்கு முன்னால் சாகக் கூடாது.

எழில் புளியோதரைக்கும் தேங்காய்ச் சாதத்துக்கும் வறுத்து வைக்கிறாள். அவள் அம்மா காப்பரிசிக்கு வெல்லம் இடித்துக்கொண்டே என்னவோ முணுமுணுவென்று பாடுகிறாள். இத்தனை வருடத்தில் அவள் பாடி நான் கேட்டதில்லை. நான்தான் கேட்கவில்லையோ.

ஆடி 18, ஞாயிறு

போனேன்.

கடம்பந்துறையில் ஊர் முழுக்க இருந்தது. படிக்கு அந்தப் பக்கம் போகாதபடி சவுக்குக் கட்டைகளை நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். தீயணைப்புக்காரர்கள் படகில் நின்றார்கள். போலீஸ்காரர் மைக்கில், "படியோட நில்லுங்க, ஆழத்துக்குப் போகாதீங்க" என்று கத்திக்கொண்டே இருந்தார். அவர் குரல் என் அம்மாவின் குரலைப் போலவே இருந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று ஒவ்வொரு படியிலும் நினைத்தேன்.

தமயந்தி அரக்குப் பட்டைக் கட்டியிருந்தாள். சாம்பார்க் கறை அப்படியே இருந்தது. மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்து, காதோலை கருகமணி வைத்து, விளக்கேற்றிக் கும்பிட்டாள். பிறகு இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "வாங்க."

கணுக்கால் நனைந்தது. முழங்கால் நனைந்தது. தண்ணீர் சில்லென்று காலைப் பிடித்து இழுத்தது. எனக்குப் பல் கிட்டிக்கொண்டது. ஒரு கையில் கயிறு, ஒரு கையில் அவள். கண்ணை மூடிக்கொண்டேன்.

"கண்ணத் தொறங்க. எத்தன வருஷமா பாடம் நடத்துறீங்க, ஒரு தடவ பாருங்களேன்."

திறந்தேன். வரைபடத்தில் நான் நீலக்கோடாக வரைகிற ஆறு நீலமாகவே இல்லை. குடகு மண்ணும் பவானி மண்ணும் அமராவதி மண்ணும் கலந்து, நல்ல டீ நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. இவ்வளவு காலமும் தப்பான கலரில் வரைந்திருக்கிறேன். அக்கரையில் முசிறி தெரிந்தது, தினமும் கண்ணை மூடிக்கொண்டே தாண்டிய பாலம் தெரிந்தது. இவ்வளவு பெரிதா இது!

தமயந்தி மூன்று முழுக்குப் போட்டாள். மூன்றாவது முறை எழும்போது என் முகத்தில் தண்ணீரை வாரி அடித்துவிட்டுச் சிரித்தாள். இருபத்தேழு வருடத்தில் நான் பார்க்காத சிரிப்பு. ஆற்றுக்குத்தான் அது தெரிந்திருக்கிறது. என் வீட்டுக்கு அது வந்ததேயில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. முகம் ஈரமாக இருந்ததால் யாருக்கும் தெரிந்திருக்காது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு முழுக்குப் போட்டேன். உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. அவள் கை மட்டும் இருந்தது.

எழுந்தேன். உயிர் இருந்தது.

கரையில் முன்பின் தெரியாத ஒரு கிழவி, நெற்றி நிறையக் குங்குமத்தோடு, பெண்களுக்குக் கயிறு கட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். தமயந்தியும் போய்க் குனிந்தாள். கிழவி முடிச்சுப் போட்டுக்கொண்டே, "தீர்க்க சுமங்..." என்று ஆரம்பித்தாள்.

"அம்மா, அது வேணாம்!" என்று கத்திவிட்டேன். சுற்றி நின்ற அத்தனை பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னப்பா, எந்தப் புருசனாவது இத வேணாங்கிறானா?"

"அந்த வார்த்த மட்டும் வேணாம்மா. நூறு வயசு இருன்னு சொல்லுங்க. அது போதும்."

கிழவி என்னைப் பார்த்தாள், தமயந்தியின் மெலிந்த கழுத்தைப் பார்த்தாள். அவளுக்கு என்ன புரிந்ததோ, மூன்றாவது முடிச்சை இறுக்கிவிட்டுக் கன்னத்தை வழித்தாள். "நூறு வயசு இரு ஆத்தா" என்றாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஈர வேட்டி காலில் சுற்றியது. பயம் போகவில்லை. ஆற்றில் விட்டுவிட்டு வருகிற சாமானில்லை அது. புளியோதரை ருசியாக இருந்தது.

ஆடி 19, திங்கள்

ஆஸ்பத்திரி. மாடி வராந்தா. எழில் கீழே டீ வாங்கப் போயிருக்கிறாள்.

உள்ளே போகுமுன் கயிற்றைக் கழற்றச் சொன்னார்கள். தமயந்தியே அவிழ்த்து என் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். நேற்றைய ஆற்று ஈரம் இன்னும் முழுக்கக் காயவில்லை.

"பத்திரமா வச்சிருங்க. வந்து வாங்கிக்கிறேன்."

"பயமா இருக்கா?" என்றேன்.

"இருக்கு. உங்களுக்கு?"

"ரொம்ப."

"அப்பாடா. நான் மட்டும்தான்னு நெனச்சேன்" என்றாள். ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு, "நல்லாயிட்டா ராமேஸ்வரம் போவோம். கடல்ல" என்றாள். ம் என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன்.

கதவு மூடி வெகுநேரம் ஆகிவிட்டது. மூடிய கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிகிறது. எல்லோரும் அதையே பார்க்கிறோம். கையெழுத்து எனக்கே புரியாதபடி கோணுகிறது. ஆடி முடிய இன்னும் நாள் இருக்கிறது. என் கண்டம் முடிந்துவிட்டதா என்று யோசித்துப் பார்த்தேன். இன்று காலையிலிருந்து அது நினைவுக்கே வரவில்லை.

விளக்கு அணைந்துவிட்டது. கதவைத் திறந்துகொண்டு ஒரு நர்ஸ் வந்து நிற்கிறாள். முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"தமயந்தி கூட வந்தவங்க யாரு?"

நான். கூட வந்தவன் நான்தான்.